பேர் போடாத படம்

(பழைய மாணவியர் சங்க நூற்றாண்டு ஒன்றுகூடலில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



ஒரு டொக்டரைப் பேசக் கூப்பிட்டால் நீரிழிவு, இரத்த அழுத்தம், நடைப்பயிற்சி என்றுதான் எதிர்பார்ப்பீர்கள். பகற் சாப்பாட்டுக்கு வட்டிலப்பம் செய்திருக்கிறார்கள் என்று கேள்விப்பட்டேன். அதற்கு முன்னால் நின்று சீனியைப் பற்றிப் பேச எனக்குத் துணிவில்லை. அதனால் ஒரு பழைய படத்தைப் பற்றிப் பேசப் போகிறேன். அந்தப் படத்தில் நாம் இருக்கிறோம். ஆனால் நாம் யார் என்று அந்தப் படம் சொல்லவில்லை. இதுதான் இன்றைய என் பேச்சு முழுவதும்.

நான் இங்கிலாந்தில் வேலை செய்யும் ஆஸ்பத்திரியில், சினிமாவில் ஈடுபாடுள்ள சக வைத்தியர் ஒருவர் இருக்கிறார். என் ஊர் இலங்கையின் தேயிலை மலை என்று தெரிந்ததும் "அப்படியானால் நீங்கள் 'சோங் ஒஃப் சிலோன்' பார்த்திருப்பீர்களே?" என்று கேட்டார். நான் அதன் பெயரையே கேட்டதில்லை. சினிமா படிக்கிறவர்கள் உலகமெங்கும் பாடமாகப் பார்க்கிற படம் அது. அதில் வருவது நம்முடைய மலைநாடு. இந்த மண்டபத்தில் எத்தனை பேர் பார்த்திருக்கிறோம்? ஒன்று, இரண்டு, மூன்று கைகள் தெரிகின்றன. சரி, அப்படியானால் கொஞ்சம் விவரமாகவே சொல்கிறேன்.

'சோங் ஒஃப் சிலோன்', அதாவது 'இலங்கையின் பாடல்', 1934இல் எடுக்கப்பட்ட பிரித்தானிய ஆவணப்படம். நீளம் 40 நிமிடத்துக்குள். இயக்கியவர் பஸில் ரைட். அப்போது அவருக்கு 27 வயது. தயாரித்தவர் ஜோன் கிரியர்சன். ஆவணப்படம் என்ற கலைக்கே பிரித்தானியாவில் அடித்தளம் போட்டவர் அவர். பணம் கொடுத்தது இலங்கைத் தேயிலைப் பிரசார சபை. அந்தச் சபைக்குப் பணம் வந்தது ஏற்றுமதியாகும் தேயிலை மீது விதித்த வரியிலிருந்து. இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு இறாத்தல் தேயிலையிலிருந்தும் போன சிறு சல்லியில் எடுத்த படம் அது. அந்தத் தேயிலைக்குக் கொழுந்து எடுத்தவர்கள் நம் பாட்டிமாரும் பூட்டிமாரும்தான்.

சபை முதலில் கேட்டது நான்கு சிறிய விளம்பரப் படங்கள். ரைட் அவற்றை ஒரே படமாக்கி நான்கு பகுதிகளாக அமைத்தார். முதற்பகுதி புத்தரைப் பற்றியது. அதில் யாத்திரிகர்கள் மலை ஏறுகிறார்கள். எந்த மலை? நம் தோட்டங்களிலிருந்து தெளிந்த காலை வேளையில் கூம்பாகத் தெரிகிறதே, அதே சிவனொளிபாத மலை. இரண்டாம் பகுதி கிராம வாழ்க்கை. மூன்றாம் பகுதி 'வர்த்தகத்தின் குரல்கள்'. நான்காம் பகுதியில் கண்டிய நடனமும் வழிபாடும் வருகின்றன.

இந்தப் படத்தைச் சோதனைப் படம் என்று ஏன் சொல்கிறார்கள்? அந்தக் காலத்தில் பேசும் படம் வந்து சில வருடங்கள்தான். திரையில் வாய் அசைந்தால் பேச்சு கேட்க வேண்டும் என்பதே எல்லோருடைய கவலையும். ரைட்டும் இசையமைப்பாளர் வோல்டர் லீயும் அதை மாற்றிப் போட்டார்கள். கண்ணுக்கு ஒன்று, காதுக்கு வேறொன்று. மூன்றாம் பகுதியில் பெண்கள் கொழுந்து எடுக்கிறார்கள். அதே நேரத்தில் காதில் விழுவது லண்டன் சந்தையின் விலை விவரம், வியாபாரக் கடிதங்கள், தந்தியின் தட்டல். இரண்டையும் சேர்த்துப் பார்க்கும்போது, இந்த மலையில் ஒரு விரல் அசைவதற்கும் அங்கே ஒரு விலை ஏறுவதற்கும் உள்ள தொடர்பு நமக்குத் தானாகவே விளங்கிவிடுகிறது. விளம்பரத்துக்குப் பணம் கொடுத்தவர்களின் படத்திலேயே இதைச் செய்தது சாதாரண காரியமல்ல. 1935இல் பிரஸ்ஸல்ஸ் திரைப்பட விழாவில் அது முதற்பரிசு பெற்றது. நாவலாசிரியர் கிரகாம் கிறீன் அதைப் பாராட்டி எழுதினார்.

படம் அழகாக இருக்கிறது. இதை நான் மனதாரச் சொல்கிறேன். இணையத்தில் தேடினால் கிடைக்கும், பாருங்கள். நம் மக்களைக் கேலியாகவோ காட்டுமிராண்டிகளாகவோ காட்டவில்லை. அந்தக் காலத்தில் வெள்ளைக்காரர்கள் எடுத்த பல படங்களைப் போல அல்லாமல், மனிதர்களை மரியாதையோடு பார்க்கிறது.

இனி அடுத்த பக்கத்துக்கு வருவோம்.

படம் முழுவதும் விளக்கம் சொல்லும் குரல் லயனல் வென்ட்டுடையது. கொழும்பில் அவர் பெயரில் அரங்கு இருக்கிறது, உங்களுக்குத் தெரியும். பறங்கித் தந்தைக்கும் சிங்களத் தாய்க்கும் பிறந்தவர், பியானோக் கலைஞர், பெரிய புகைப்படக்காரர். 1934இல் ஒரு பிரித்தானியப் படத்துக்கு இலங்கையர் ஒருவர் குரல் கொடுத்தது பெரிய விஷயம். ஆனால் அவர் வாசிக்கும் வார்த்தைகள் யாருடையவை? ரொபர்ட் நொக்ஸ் என்ற ஆங்கிலேயருடையவை. கண்டி ராச்சியத்தில் ஏறத்தாழ 20 ஆண்டுகள் சிறைப்பட்டிருந்து தப்பிப்போய், 1681இல் லண்டனில் புத்தகம் வெளியிட்டவர் அவர்.

இந்த இடத்தில் சற்று நின்று கணக்குப் பாருங்கள். நொக்ஸின் புத்தகம் 1681. லூல்கந்துரையில் ஜேம்ஸ் டெய்லர் தேயிலை பயிரிட்டது 1867. இடையில் 186 வருடங்கள். தேயிலையே இல்லாத காலத்துப் புத்தகத்தில் தேயிலைத் தோட்டத்து மக்களைப் பற்றி ஒரு வரி எப்படி இருக்கும்? அந்த நூலைப் படத்தின் நாக்காக எடுத்துக்கொண்ட அன்றே, நம்மைப் பற்றிப் பேச வார்த்தை இல்லை என்று முடிவாகிவிட்டது. யாரும் கெட்ட எண்ணத்தோடு செய்த வேலை அல்ல அது. ஆனாலும் விளைவு ஒன்றுதான். தேயிலைக்காக, தேயிலைப் பணத்தில் எடுத்த படத்தில், கொழுந்து எடுக்கும் பெண்கள் யார், எங்கிருந்து வந்தார்கள், என்ன பாஷை பேசுகிறார்கள் என்று ஒரு சொல்லும் கிடையாது.

நம் தோட்டங்களில் ஒரு வழக்கு உண்டு. ஒரு நாள் சம்பளத்துக்கு 'பேர்' என்று சொல்வோம். "இன்றைக்குப் பேர் விழுந்திச்சா?", "கொழுந்து குறைஞ்சதால அரைப்பேர்தான் போட்டாங்க" என்று என் அப்பாயி சொல்லிக் கேட்டிருக்கிறேன். கணக்கப்பிள்ளை செக்ரோலில் பெயருக்கு நேரே போட்ட கோடுதான் பேர். அந்தக் காலத்தில் நம் பெண்களின் பெயர்கள் எழுத்தில் இருந்த இடம் அநேகமாக அந்த ஒரு புத்தகம்தான். படம் அவர்களுடைய ஒரு நாள் உழைப்பை எடுத்துக்கொண்டது. பேர் மட்டும் போடவில்லை.

டொக்டர் என்ற முறையில் இன்னொன்றும் சொல்ல வேண்டும். அந்த விரல்களின் வேகத்தைப் பார்த்து உலகம் வியக்கிறது. நான் பார்க்கும்போது நெற்றியில் கயிறு போட்டுத் தொங்கும் கூடையின் பாரமும் அட்டைக் கடியும் மழையில் நனைந்த முதுகும் நினைவுக்கு வருகின்றன. 1916இல் ரொக்பெல்லர் அறக்கட்டளை இலங்கைத் தோட்டங்களில் கொக்கிப்புழு ஒழிப்பு வேலையைத் தொடங்கியது. ஆகவே எங்கள் உடம்பைப் பற்றி எழுதவில்லை என்று சொல்ல முடியாது. எங்களை எண்ணியிருக்கிறார்கள், எங்கள் கொழுந்தை நிறுத்திருக்கிறார்கள், எங்கள் வயிற்றுப் புழுவைக்கூடக் கணக்கெடுத்திருக்கிறார்கள், அழகாகப் படமும் பிடித்திருக்கிறார்கள். எங்களிடம் கேட்கத்தான் இல்லை.

"அந்தக் காலத்தில் அப்படித்தான், யார் கேட்டார்கள்?" என்று சிலர் சொல்லலாம். அதற்கு இரண்டு பதில் வைத்திருக்கிறேன். ஒன்று லண்டனில் இருக்கிறது, மற்றது இங்கே, ஹட்டனிலேயே இருக்கிறது.

லண்டன் பதில் இது. 1935இல் அதே கிரியர்சன் வட்டத்தைச் சேர்ந்த ஆர்தர் எல்டனும் எட்கர் அன்ஸ்டியும் 'ஹவுசிங் புரொப்ளம்ஸ்' என்றொரு படம் எடுத்தார்கள். கிழக்கு லண்டனின் ஸ்டெப்னி சேரி வீடுகளைப் பற்றியது. அங்கே குடியிருந்த ஏழைப் பெண்களும் ஆண்களும் கமெராவுக்கு நேரே நின்று, எலியையும் மூட்டைப்பூச்சியையும் ஒழுகும் கூரையையும் பற்றித் தங்கள் வாயாலேயே சொன்னார்கள். அந்த மக்களோடு பழகிப் பேசவைத்தவர் கிரியர்சனின் தங்கை ரூபி கிரியர்சன். ஒரு பெண் போய்ப் பேசியதால் அவர்கள் வாய் திறந்தார்கள். அந்தப் படத்துக்கும் பணம் கொடுத்தவர்கள் வியாபாரிகள்தான், எரிவாயு விற்றவர்கள். ஆக, வியாபாரியின் பணம் வாயை அடைத்துவிட்டது என்று சொல்ல இடமில்லை.

நியாயமாகவும் பேச வேண்டும். லண்டனில் ஒலிப்பதிவு வண்டியைத் தெருவில் கொண்டுபோய் நிறுத்தலாம். ரைட் இலங்கையில் எடுத்தது படச்சுருள் மட்டும். ஒலியெல்லாம் பிறகு லண்டனில் சேர்த்தது. வசதிக் குறைவு உண்மைதான். ஆனால் சந்தை விலை சொல்லும் குரல்களை லண்டனில் சேர்க்க முடிந்தது. கொழுந்து எடுத்தவள் சொன்னதை ஒரு கடதாசியில் எழுதிக்கொண்டுபோய் அங்கே வாசிக்கவும் முடிந்திருக்கும். அது வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை.

இது நமக்கு மட்டும் நடந்ததல்ல. 1930இல் கென்னத் மக்பெர்சன் 'போடர்லைன்' என்ற சோதனைப் படத்தை எடுத்தார். நிறவெறியை எதிர்த்த படம். அமெரிக்கக் கறுப்பினக் கலைஞர் போல் ரொப்சனும் அவர் மனைவி எஸ்லாண்டாவும் அதில் நடித்தார்கள். அந்த நாளில் அது துணிச்சல். ஆனால் அது மௌனப்படம். உலகமே காதுகொடுத்துக் கேட்ட ரொப்சனின் குரலை அதில் கேட்க முடியாது. முகத்தை வரவேற்பது ஒரு படி. குரலைக் கேட்பது அடுத்த படி. முதற்படியிலேயே நின்றுவிட்டு எல்லாம் செய்துவிட்டதாக நினைப்பது சுலபம்.

இப்போது ஹட்டன் பதிலுக்கு வருகிறேன். பிள்ளைகளே, இதைக் கொஞ்சம் கவனமாகக் கேளுங்கள்.

1931இல் இலங்கையில் சர்வசன வாக்குரிமை வந்தது. அந்த ஆண்டு அரசாங்க சபைக்கு ஹட்டன் தொகுதியிலிருந்து போனவர் பெரி. சுந்தரம். தொழில், கைத்தொழில், வர்த்தகம் ஆகியவற்றுக்கு அவர்தான் அமைச்சர். ரைட் இங்கே வந்து 'வர்த்தகத்தின் குரல்கள்' பகுதியை எடுத்த காலத்தில், இந்த நாட்டின் வர்த்தக அமைச்சர் ஹட்டனின் தமிழ் உறுப்பினர்! அதே 1931இல் கோ. நடேசய்யர் ஹட்டனைத் தளமாகக் கொண்டு தோட்டத் தொழிலாளருக்குச் சம்மேளனம் அமைத்தார். அவருடைய மனைவி மீனாட்சி அம்மாள் தொழிலாளர் நிலையைப் பற்றிப் பாட்டுக் கட்டி, கூட்டங்களில் தானே பாடி, சிறு புத்தகங்களாகவும் வெளியிட்டார். கொழுந்து மலையிலும் லயத்து வாசலிலும் பாடிய பாட்டுகளைப் பின்னாளில் சி.வி. வேலுப்பிள்ளை தேடித் தொகுத்தார்.

ஆக, இலங்கையின் பாடலைத் தேடி லண்டனிலிருந்து வந்தவர்கள் இந்த மலைக்கு வந்தபோது, இங்கே பாட்டு இருந்தது, பாடுகிற பெண் இருந்தாள், சங்கம் இருந்தது, அமைச்சரும் இருந்தார். குரல் இல்லாத மக்கள் என்று நம்மைப் பற்றிப் பலர் இரக்கத்தோடு எழுதுகிறார்கள். எனக்கு அந்தச் சொல்லில் உடன்பாடில்லை. குரல் எப்போதும் இருந்தது. கேட்கிற காதுதான் இல்லை.

கேட்காத காதுக்கு விலை உண்டு. 1947இல் முதல் பாராளுமன்றத்துக்கு மலைநாட்டிலிருந்து ஏழு பேர் இலங்கை இந்தியக் காங்கிரசின் சார்பில் போனார்கள். தலவாக்கலையின் உறுப்பினர், நான் இப்போது சொன்ன அதே சி.வி. வேலுப்பிள்ளை. அடுத்த ஆண்டே 1948இன் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம் வந்தது. அதைத் தொடர்ந்து வாக்குரிமையும் போனது. இந்த மலையில் பிறந்தவர்களை எங்கிருந்தோ வந்து போகிறவர்கள் என்று சட்டம் எழுதியது. கடைசியாக 2003இல் வந்த சட்டத்தோடுதான் அந்தக் கணக்குத் தீர்ந்தது. இதற்கெல்லாம் ஒரு படம் காரணம் என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் ஒரு மக்கள் கூட்டத்தைப் பெயரில்லாத அழகாகவே, நிலக்காட்சியின் ஒரு பகுதியாகவே பார்த்துப் பழகிய உலகம், அவர்களுடைய உரிமை போகும்போது திடுக்கிடுவதில்லை. மரம் செடி கொடிக்கு யார் வாக்குரிமை கேட்பார்கள்?

மருத்துவக் கல்லூரியில் எங்களுக்கு முதலில் கற்றுத் தருவது ஊசி போடுவதல்ல. நோயாளியின் பெயரைக் கேள், பிறகு அவருடைய வாயாலேயே கதையைச் சொல்லவிடு என்பதுதான். மலைநாட்டில் நான் வேலை செய்த நாட்களில் ஒரு வயதான அம்மாவைக் கூட்டிக்கொண்டு மகன் வந்தார். கேட்ட கேள்விக்கெல்லாம் மகனே பதில் சொன்னார். வயிற்றுவலி, சாப்பாடு பிடிக்கவில்லை, இவ்வளவுதான். அவரை வெளியே இருக்கச் சொல்லிவிட்டு "நீங்க சொல்லுங்கம்மா" என்றேன். "வயித்துவலி எல்லாம் ஒன்னுமில்லைங்க. நாலு படி ஏறினா மூச்சு வாங்குது. சொன்னா பேர் போயிடுமேன்னு சொல்லல" என்றார். மகன் பொய் சொல்லவில்லை, அன்பில்லாதவரும் அல்ல. தனக்குத் தெரிந்ததைச் சொன்னார். அன்போடு ஒருவருக்காகப் பேசுவது வேறு, அவரைப் பேசவிடுவது வேறு. 'சோங் ஒஃப் சிலோன்' அந்த மகனைப் போன்ற படம்.

இனி என்ன செய்யலாம்? பழைய படத்தைத் திட்டிப் பயனில்லை. இங்கிலாந்தில் குடியேறியவர்களின் பிள்ளைகள் ஒரு நல்ல வழி காட்டியிருக்கிறார்கள். ஜோன் அகொம்ஃப்ராவும் நண்பர்களும் சேர்ந்த 'பிளக் ஓடியோ ஃபில்ம் கலெக்டிவ்' என்ற குழு 1986இல் 'ஹான்ட்ஸ்வர்த் சோங்ஸ்' என்ற படத்தை எடுத்தது. தங்கள் பெற்றோர் கப்பலில் வந்து இறங்கியதையும் ஆலைகளில் வேலை செய்ததையும் காட்டும் பழைய படச்சுருள்களை எடுத்து, அவற்றின் மீது தங்கள் குரலை வைத்தார்கள். பழைய படம் அப்படியே இருக்க, அதன் பொருள் மாறியது. அந்தப் படத்துக்குக் கிடைத்த விருது எது தெரியுமா? ஜோன் கிரியர்சன் பெயரில் வழங்கும் விருது! நம் நாட்டிலும் 1975இலேயே வி.பி. கணேசன், தெளிவத்தை ஜோசப்பின் எழுத்தில் 'புதிய காற்று' என்ற படத்தில் தோட்டத்து வாழ்க்கையைத் தமிழில் பேசவைத்திருக்கிறார்.

நம்மால் முடிந்த மூன்று காரியங்களை இந்த நூற்றாண்டு ஆண்டில் சங்கத்தின் முன் வைக்கிறேன்.

முதலாவது, வீட்டுக்குப் போனதும் பெட்டியிலிருக்கும் பழைய படங்களை எடுங்கள். ஒவ்வொன்றின் பின்னாலும் பென்சிலால் பெயர், தோட்டம், டிவிசன், ஆண்டு எழுதுங்கள். டொரொன்டோவிலோ சென்னையிலோ இருப்பவர்கள் அம்மாவுக்குத் தொலைபேசி எடுத்துக் கேட்டு எழுதுங்கள். இதற்குப் பணம் வேண்டாம், ஒரு ஞாயிற்றுக்கிழமை போதும்.

இரண்டாவது, கைபேசியில் பதிவு செய்யுங்கள். பெரட்டுக் களத்தில் தப்புச் சத்தத்துக்கு எழுந்து போனவர்கள், பிள்ளைக் காம்பராவில் குழந்தையை விட்டுவிட்டு மலைக்கு ஓடியவர்கள், நம் பாடசாலைக்கு முதன்முதலாகப் பெண்பிள்ளையை அனுப்பியவர்கள், இவர்களெல்லாம் இன்னும் நம்மிடையே இருக்கிறார்கள். 1930களில் குழந்தைகளாக இருந்தவர்கள் மிகச் சிலரே மிஞ்சியிருக்கிறார்கள். வைத்தியர் என்ற முறையில் சொல்கிறேன், அடுத்த நூற்றாண்டு விழா வரை இதைத் தள்ளிப்போட முடியாது. அடுத்த விடுமுறை வரைகூடத் தள்ளிப்போடாதீர்கள்.

மூன்றாவது, அதிபர் அவர்களிடம் ஒரு வேண்டுகோள். 'சோங் ஒஃப் சிலோன்' படத்தின் மூன்றாம் பகுதியை உயர்தர வகுப்பு மாணவியருக்குப் போட்டுக் காட்டுங்கள். பிறகு ஒலியை நிறுத்திவிட்டு, தங்கள் பாட்டிமாரிடம் கேட்டு வந்து, அதற்குத் தமிழில் அவர்களே விளக்கம் எழுதி வாசிக்கட்டும். அந்தக் கைகள் யாருடைய கைகள், எந்த மலை, எத்தனை இறாத்தல், வீட்டில் எத்தனை பிள்ளைகள், அன்றைக்கு என்ன சமையல். அதைச் செய்ய உலகத்தில் இவர்களைவிடத் தகுதியானவர்கள் கிடையாது. ஒலிப்பதிவுச் செலவைப் பிரித்தானியக் கிளையில் இருக்கும் நாங்கள் ஏற்றுக்கொள்கிறோம். இதை எங்கள் கிளைத் தலைவியிடம் கேட்டுத்தான் சொல்கிறேன், பயப்பட வேண்டாம்.

பிள்ளைகளே, உங்களில் யாராவது ஒருத்தி நாளை கமெரா பிடிக்கலாம். அப்போது நீங்களும் யாரோ ஒருவருடைய தோட்டத்துக்கு, யாரோ ஒருவருடைய வீட்டுக்குப் போவீர்கள். அங்கே அழகான முகம் தெரிந்தால் படம் எடுங்கள். எடுப்பதற்கு முன் பெயரைக் கேளுங்கள்.